தொழுவம் பார்த்து மாடு வாங்குக

நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது மோட்டார் கார் வாங்கும் பேச்சு நடந்து வருகிறது. மும்பைக்கு வந்த நம் முன்னோர் ஒற்றை அறையில் குடியிருந்து, மின்சார ரயிலில் தொங்கிச் சென்று வேலை பார்த்து, மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய மக்களும் பேரர்களும் இன்று சொந்த வீடு பெற்றுவிட்டார்கள். அடுத்த ஆசை காராக இருப்பதில் வியப்பில்லை. அதிலும், ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் குடும்பத்தோடு நம்முடைய வண்டியிலேயே ஊருக்குப் போய் இறங்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்குத்தான் இல்லை?

ஆனால் கடைக்குள் நுழைந்தவுடன் தலை சுற்றுகிறது. முன்பு பெட்ரோலா டீசலா என்ற ஒரே கேள்விதான். இன்றோ, ஹைபிரிட் என்னும் கலப்பு வண்டி ஒன்று. பிளக்-இன் ஹைபிரிட் என்னும், சுவரில் செருகி மின்னூட்டும் கலப்பு வண்டி ஒன்று. முழு மின்சார வண்டி ஒன்று என வகைகள் பெருகியுள்ளன. ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சிக்கனம் என்று விளம்பரம் கூறுகிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஏழாண்டுக் கடன் எழுதிக்கொடுத்து வாங்கும் பொருள் இது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவிலேயே கை வைக்க நேரிடும். ஆதலால் இதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பயணமும் வண்டிகளும்

நான் ரயில்வே அலுவலகத்தில் ஓர் எழுத்தன். மோட்டார் நிபுணன் அல்லேன். எனினும் சென்ற கோடையில் இக்கேள்வியை நேரிலே ஆராயும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், திருநெல்வேலிக்கு அருகே சிற்றூர் ஒன்றில் தனித்திருந்த தம் தாயாரை நிலையாகத் தம்மிடம் அழைத்துவர எண்ணினார். அம்மையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலி மிகுதி. ரயில் பெட்டியின் படியில் ஏறுவதும், இரண்டு இரவுகள் பெட்டிக்குள் நடமாடுவதும் அவரால் ஆகாதவை. நண்பரிடம் கார் இல்லை; வாங்கும் எண்ணம் மட்டும் இருந்தது. அவருடைய மைத்துனரிடம் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் இருந்தது. சங்க அன்பர் ஒருவரிடம் மாருதி கிராண்ட் விட்டாரா இருந்தது. இரண்டும் ஹைபிரிட் வண்டிகளே. இரு வண்டிகளும் சேர்ந்து ஊருக்குப் போவது என்றும், நண்பர் இரண்டையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்துத் தமக்கு ஏற்றதை முடிவு செய்வது என்றும் ஏற்பாடாயிற்று. குறிப்பேடு எழுதும் வேலை எனக்கு வாய்த்தது.

புனே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்திரதுர்க்கா, பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். ஹூப்ளியிலும் சேலத்திலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் மாலை ஊர் சேர்ந்தோம். திரும்பி வந்ததும் அவ்வழியே.

இரு வண்டிகளையும் பற்றிச் சில விவரங்கள் வேண்டும். கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 4,345 மில்லிமீட்டர் நீளம், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐவர் அமரலாம். ஹைகிராஸ் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. 4,755 மில்லிமீட்டர் நீளம். 2 லிட்டர் எஞ்சின். எழுவர் அல்லது எண்மர் அமரலாம். சான்றளிக்கப்பட்ட கணக்குப்படி, ஹைபிரிட் வகையில் முன்னது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டரும் பின்னது 23.24 கிலோமீட்டரும் ஓடும்.

ஹைபிரிட் என்பது யாது?

இதனை ரயில்வேக் குடும்பத்தார்க்கு விளக்குவது எளிது. டீசல் ரயில் எஞ்சினில் டீசல் எந்திரம் சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அங்கு உண்டாகும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. ஹைபிரிட் கார் இதற்கு ஒருவகையில் தம்பி முறை. இதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு, இடையே ஒரு பாட்டரியும் உண்டு. பற்சக்கர அமைப்பொன்று இவற்றை இணைத்து, எப்பொழுது எது இழுப்பது என்பதைப் பகிர்ந்தளிக்கிறது. இம்முறையைப் பெருவாரியாகப் பரப்பியது, 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் என்னும் கார்.

மற்றொரு சிறப்பும் உண்டு. கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே போர்க் கணவாயில் 37 அடி சென்றால் ஓரடி ஏற்றம். அங்கே ரயிலின் பின்னால் பாங்கர் எனப்படும் தள்ளு எஞ்சின்கள் பூட்டப்படுவதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். இறங்கும்போதோ, டபிள்யூ.ஏ.பி.-7 போன்ற இன்றைய மின்சார எஞ்சின்கள் தம் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி, உண்டாகும் மின்சாரத்தை மேலுள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. ஒரு வண்டி இறங்கும் விசை மற்றொரு வண்டி ஏற உதவுகிறது. காருக்கு மேலே கம்பி இல்லை. ஆதலால் பிரேக் போடும்போதும் சரிவில் இறங்கும்போதும் மீளும் மின்சாரம் அதன் பாட்டரிக்குள் போகிறது. வீணாகவேண்டிய விசை சேமிப்பாகிறது.

சாலையில் கண்டவை

விடியற்காலையில் புறப்பட்டும் நகர எல்லையைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. நின்று நின்று ஊர்ந்த அந்நேரத்தில்தான் இவ்வண்டிகளின் அருமையைக் கண்டோம். எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. குளிர்சாதனம் மட்டும் பாட்டரியில் ஓடிற்று. பாட்டரி தாழ்ந்தால் எஞ்சின் தானே உயிர்பெற்றுச் சில நிமிடங்கள் ஓடி மீண்டும் அடங்கும். கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஓட்டியவருக்குக் கால் நோகவில்லை.

நெடுஞ்சாலையில் கதை வேறு. மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாது ஓடுகையில் பிரேக் போடும் தேவையே அரிது. மீட்பதற்கு விசை ஏது? சித்திரதுர்க்காவிலிருந்து தும்கூர் வரை எஞ்சினே பெரும்பாலும் உழைத்தது. தொட்டியை நிரப்பிப் புறப்பட்டு, மறுபடி நிரப்பும்போது ஊற்றிய அளவைக் கொண்டு கணக்கிடும் பழைய முறையில் நான் பார்த்தவரை, சிறிய வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியும், பெரியது 16-ஐ ஒட்டியும் ஓடின. சான்றில் உள்ள எண்கள் பொய் என்று எவரும் எண்ணற்க. அச்சோதனை கூடத்தினுள்ளே உருளைகளின் மீது 20 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக நடப்பது. அதில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். நாங்களோ முழுச் சுமையோடும் குளிர்சாதனத்தோடும் நெடுந்தூரம் விரைந்தோம். எந்தக் காருக்கும் சோதனை வேறு, சாலை வேறு.

ஏற்றங்களில் சிறிய வண்டியின் எஞ்சின் குரலை உயர்த்தி உழைத்தது. பெரியது அமைதியாக ஏறிற்று. மூட்டை முடிச்சு வைப்பதிலும் வேற்றுமை உண்டு. கிராண்ட் விட்டாராவின் சாதாரணப் பெட்ரோல் வகையில் பின்புறப் பெட்டி இடம் 373 லிட்டர். ஹைபிரிட் வகையில் பாட்டரி அங்கே அமர்வதால் 265 லிட்டர். ஊருக்குப் போகும்போது துணிப்பெட்டியும், வரும்போது அரிசி, கருப்பட்டி, தேங்காய் ஆகியவையும் ஏற்றும் நம்மவர் இதனை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துச் சந்துகளில் திருப்பி நிறுத்துவதற்கோ சிறிய வண்டியே வசதி.

திரும்பும் வழியில் லோனாவாலாவிலிருந்து கோப்போலி வரை இறங்கியபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு வண்டியின் எடை 1,600 கிலோ என்றும், இறக்கம் ஏறத்தாழ 500 மீட்டர் என்றும் கொண்டால், வெளிப்படும் ஆற்றல் வீட்டு மின்கணக்கில் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். காற்றிலும் டயரிலும் கழிவது போக ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் மிஞ்சும். கிராண்ட் விட்டாராவின் பாட்டரியோ 0.76 யூனிட்தான் கொள்ளும். ஆகவே பாதி மலையிலேயே பாட்டரி நிறைந்துவிடுகிறது. பிறகு எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து இறக்குகிறது. சிறு குடத்தில் பெருமழை நீரைப் பிடிப்பது போன்ற நிலை இது.

செருகி மின்னூட்டும் வண்டி

“அப்படியாயின் பெரிய குடம் வைத்தால் என்ன?” என்று நண்பர் கேட்டார். பெரிய குடம் வைத்ததே பிளக்-இன் ஹைபிரிட். அயல்நாட்டில் உள்ள உறவினர் ஒருவர் அதனைப் புகழ்ந்து எழுதியிருந்ததால், அவ்வகை வண்டி இங்கு வரும்வரை காத்திருக்கலாமா என்பது நண்பரின் ஐயம்.

அமெரிக்காவில் 2020-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ராவ்-4 பிரைம் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பாட்டரி 18.1 யூனிட் கொள்ளும். அந்நாட்டு அரசின் கணக்குப்படி ஒருமுறை நிறைத்தால், பெட்ரோல் இன்றியே 42 மைல், அதாவது ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடும். அதன்பின் சாதாரண ஹைபிரிட்டாகிப் பெட்ரோலில் ஓடும். அந்நிலையில் அது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும். அதே வண்டியின் சாதாரண ஹைபிரிட் வகை 17 கிலோமீட்டர் தரும். பாட்டரியின் பளுவைச் சுமப்பதற்கான தண்டம் அவ்வளவே.

இவ்வண்டியை இரவுதோறும் வீட்டில் மின்னூட்டி, நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். யூனிட் 8 ரூபாய் என்றும் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், அவருக்கு மின்செலவு நாளொன்றுக்கு 100 ரூபாய்க்குள் அடங்கும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் ஹைபிரிட்டில் அதே தூரத்திற்கு 200 ரூபாய் ஆகும். இலாபம் கண்கூடு. ஆனால் அவரே ஊருக்குப் போய்வர 3,200 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் 68 கிலோமீட்டர் மட்டுமே மின்சாரத்தில் கழியும். அது நூற்றில் இரண்டு பங்கு. ஆகவே பிளக்-இன் வண்டியின் பயன் நெடுஞ்சாலையில் இல்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே இருக்கிறது.

அதுவும் நாள்தோறும் செருகினால்தான். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-இல் பதிவான கார்களிலிருந்தே திரட்டிய அளவுகளைப் பார்த்தபோது, பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகள் சோதனைக் கூடத்துக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு கரிப்புகை விட்டது தெரியவந்தது. அவற்றை வைத்திருப்போர் எதிர்பார்த்த அளவுக்கு மின்னூட்டவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். செருகாத வண்டி, பளு மிகுந்த பெட்ரோல் வண்டியாகிவிடுகிறது.

நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் முதலில் செல்வர்களுக்கென்றே வந்தன. 2016-இல் வந்த வோல்வோ எக்ஸ்.சி.-90 டி-8, 2022 டிசம்பரில் வந்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். ஆகியவற்றின் விலை கோடிக்கணக்கில் சொல்லப்பட்டது. நடுத்தரக் குடும்பத்திற்கு ஏற்ற விலையில் இவை வருமானால், வாங்குவோர் முதலில் தம் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.

இதனை எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொன்னவர் நண்பரின் தாயார். ஊரில் திண்ணையில் அமர்ந்து நாங்கள் யூனிட்டும் லிட்டரும் பேசிக்கொண்டிருந்ததை வெகுநேரம் கேட்டிருந்தவர், “மாடு வாங்குததுக்கு முன்ன தொழுவத்தப் பாப்பாக. இத எங்கய்யா கட்டுவ?” என்று மகனைக் கேட்டார். நண்பரால் உடனே விடை கூற இயலவில்லை. அவர் குடியிருப்பது நான்காம் மாடி. கீழே பொது முற்றத்தில் எவர் முந்தி வருகிறாரோ அவர் நிறுத்துவது வழக்கம். செருகுவதற்குத் தமக்கென்று ஒரு துளையும் அங்கே இல்லை.

வீட்டுக் கணக்கு

அம்மையாரின் கேள்வியையே அடிப்படையாகக் கொண்டு, ஊர் திரும்பும் வழியில் நண்பரும் நானும் கணக்கிட்டோம். கார் வாங்க நினைக்கும் அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே தருகிறேன்.

முதற் கேள்வி: வண்டி இரவில் எங்கே நிற்கும்? தனக்கென்று ஓரிடமும், தன் மீட்டரிலிருந்து இழுத்த 15 ஆம்பியர் இணைப்பும் இருந்தால், 18 யூனிட் பாட்டரி ஓர் இரவுக்குள் நிறைந்துவிடும். வீட்டு உரிமையாளர் தம் வீட்டு இணைப்பிலிருந்தே மின்சார வண்டிக்கு மின்னூட்டிக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எனினும், கீழ்த்தளம் வரை கம்பி இழுப்பதற்கும், நிறுத்துமிடத்தை உறுதி செய்வதற்கும் குடியிருப்புச் சங்கத்தோடு பேசி எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. அவ்விடம் இல்லாதவர் பிளக்-இன் வண்டியையும் முழு மின்சார வண்டியையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். நாக்பூர், கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் தனி வீடும் முற்றமும் உள்ளவர்க்கு அவையே ஏற்றவையாகலாம். முழு மின்சார வண்டிக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு மட்டுமே. 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட வரியின்படி, நாங்கள் சென்ற அளவிலான பெட்ரோல், ஹைபிரிட் வண்டிகளுக்கு அது 40 விழுக்காடு.

இரண்டாம் கேள்வி: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஹைபிரிட் வண்டி அதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிட 2 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், ஹைபிரிட் 20 கிலோமீட்டரும் ஓடினால், பெட்ரோல் 100 ரூபாய் விலையில், கிலோமீட்டருக்கு மிச்சம் ஏறத்தாழ 2 ரூபாய் 14 காசு. கூடுதலாகக் கொடுத்த 2 லட்சம் திரும்பிவர 93,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஐந்தாண்டுக்குள் வந்துவிடும். அவர் தயங்காமல் ஹைபிரிட் வாங்கலாம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பதினைந்தாண்டுக்கு மேல் ஆகும். இவ்வண்டிகளின் பாட்டரிக்குத் தரப்படும் உத்தரவாதமோ 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரைதான். கடைகளில் உண்மை விலைகளைக் கேட்டு, 2 லட்சம் என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டு அவரவரே கணக்கிட்டுக்கொள்க. பதிவு வரியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஹைபிரிட் வண்டிகளுக்குப் பதிவு வரி விலக்கு அளிக்கப்பட்டது. வாங்கும் நாளில் உங்கள் மாநிலத்து நிலையை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கேள்வி: யார் ஏறுவார்? முதியோர் உள்ள வீட்டில் மைலேஜைவிட இருக்கையே முக்கியம். நண்பரின் தாயாரை இரு வண்டிகளிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். சிறிய வண்டியிலும் ஏறினார். ஆனால் நெடுநேரம் காலை மடக்கியிருக்க முடியவில்லை. பெரிய வண்டியின் நடு இருக்கையில் காலை நீட்டி அமர்ந்து, மூன்று நாளும் பெரிய வருத்தமின்றி வந்து சேர்ந்தார். பெற்றோரைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்று, இருக்கையில் அமரவைத்துப் பாராமல் எவரும் முன்பணம் கட்டலாகாது.

இம்மூன்று கேள்விகளுக்கும் நண்பரின் விடைகள் தெளிவாக இருந்தன. நிறுத்துமிடம் உறுதியில்லை. அலுவலகத்துக்கு அவர் போவது மின்சார ரயிலில். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளும் ஊர்ப் பயணமும் சேர்ந்தால் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரைத் தாண்டாது. தாயாருக்குத் தேவையானது பெரிய இருக்கை. அது வேண்டியிருப்பதோ ஆண்டுக்கு ஒருமுறை. இவ்வளவுக்காகப் பல லட்சம் கடன்படுவதைவிட, வேண்டும்போது பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதே மேல் என்று அவர் முடிவு செய்தார். கடைக்குக் கட்ட வைத்திருந்த முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, குளியலறைத் தரையை வழுக்காத கல்லாக மாற்றி, சுவரில் கைப்பிடிகள் பொருத்தி, தாயார் அமர்ந்து எழ வசதியான கழிப்பறையும் அமைத்திருக்கிறார். மருத்துவரிடம் போக வாடகைக் கார் வாசலுக்கே வருகிறது.

கார் வாங்குவது வீண் என்று கூறுவது என் நோக்கமன்று. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டியே தொழில் செய்யும் அன்பர்களுக்கு ஹைபிரிட் வண்டி நல்ல துணை. கிராண்ட் விட்டாரா நால்வர் குடும்பத்துக்கும், ஹைகிராஸ் பெரியோர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும். தனி வீடும் தனி இணைப்பும் உள்ளவர்க்கு, செருகி மின்னூட்டும் வண்டிகள் செலவைப் பாதியாகக் குறைக்கும். எதுவாயினும், வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், ஒரு தாளில் இம்மூன்று கேள்விகளையும் எழுதி, குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து விடை எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள். விற்பவர் சொல்லும் மைலேஜ் எவ்வளவாக இருப்பினும், உங்களுக்கு ஏற்ற வண்டி எது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.